லாபம், ரெண்டு, மூணு

வா சாமி, வா. வேகாத வெயில்ல வந்திருக்கறே, மொதல்ல திண்ணைல உக்காரு. கழுத்துல என்னமோ தொங்குது, கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்துட்டியா? ஓகோ, அடையாள அட்டையா! எங்க, படிச்சுக் காட்டு. 'தன்னார்வலர்'. எம்மாம் பெரிய பேரு! வெறும் 'வாத்தியார்'னு இருந்தப்ப மாசம் பொறந்தாச் சம்பளம் வந்துது. இப்பப் பேரு நீண்டு போச்சு, சம்பளம் நின்னு போச்சு.

மோரைக் குடி. உப்புப் போதுமா? நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும். வந்ததிலிருந்து உன்ற கண்ணு அட்டாலி மேலயே மேயுது. அப்பாரு காலத்து வள்ளம் வேணும், அதுதானே? தரமாட்டேன்னு சொல்லலை. அதுக்கு முன்னால நாலு நாயம் சொல்றேன், கேட்டுக்க. முப்பத்தஞ்சு வருசம் நீ பேசி ஊரான் புள்ளைக கேட்டுதுக. இன்னைக்கு ஒரு நாளைக்கு மாத்திப் பார்க்கலாம். உனக்குப் பன்னெண்டு வருசம் மூத்தவ நானு. உன்னை இடுப்புல தூக்கிட்டுப் போயி ஒண்ணாப்புல சேத்துனதும் நானு. வாத்தியார் பெரம்பை எடுத்தாருன்னு என்ற சீலையைப் புடிச்சுட்டு அன்னைக்கு நீ அழுத அழுகை இருக்குதே, அதை இன்னும் நான் யாருகிட்டயும் சொல்லலை. சொல்லாம இருக்கோணும்னா கேட்டுக்க.

நீ ரிட்டயர்டு ஆனதும் உன்ற வூட்டு அம்மிணி எனக்குப் போன் போட்டா. நீ அஞ்சு மணிக்கே எந்திரிச்சு, பேப்பர்ல வர்ற எழுத்துப்பிழைக்கெல்லாம் செவப்புப் பேனாவுல வட்டம் போடறயாமா. காய்காரங்கிட்ட 'முக்காக் கிலோவும் காக் கிலோவும் சேர்ந்தா எத்தனை'ன்னு கேட்டு, அவன் வண்டியைத் தள்ளிட்டு அடுத்த வீதிக்கு ஓடிட்டானாமா. பத்தே முக்காலுக்கு வூட்ல இண்டர்வெல்லு, நாலு மணிக்கு லாங் பெல்லு. பாவம், அந்தப் புள்ள எத்தனை நாளைக்குத் தாங்கும்? மியூசியத்துல ஆள் வேணும்ங்கறாங்கன்னு சேதி வந்ததும், உனக்கு முன்னால கோயிலுக்குப் போய்த் தேங்கா ஒடைச்சவ அவதான். ஊருக்கு ஏதோ பெரிய சேவை பண்றேன்னு நெஞ்சை நிமித்தாதே. மொதல் சேவை உன்ற வூட்டுக்கு.

போன மாசம் பேத்தி என்னை அங்க கூட்டிட்டு வந்தாளே, நெனப்பிருக்குதா? அன்னைக்கு நான் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. தூணோரமா நின்னு உன்ற கூத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன். ஏழாவது படிக்கற புள்ளைக முப்பது வந்துதுக. நீ கையைப் பின்னால கட்டிட்டு ஆரம்பிச்சே பாரு, கல்லு உண்டான காலத்திலிருந்து! பழைய கற்காலம், புதிய கற்காலம், இரும்புக் காலம். எனக்கு மூட்டுவலிக் காலமே வந்துருச்சு. நாப்பது நிமிசம். முன்னால நின்ன புள்ள ஃபேன் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிட்டு இருந்துது. பின்னால ஒருத்தன் புலிகுத்திக்கல்லு மேலயே சாஞ்சு தூங்கிட்டான். கல்லுல இருக்கற வீரன் புலிகிட்ட மாட்டுனவன், இவன் உன்ற பாடத்துல மாட்டுனவன். ரெண்டும் பொருத்தமாத்தான் இருந்துது.

அந்தக் கூட்டத்துல ரெட்டைச்சடை போட்ட புள்ள ஒண்ணு, கண்ணாடிப் பொட்டியில மூக்கு ஒட்டற அளவுக்குக் குனிஞ்சு ஒரு மணியைப் பார்த்துட்டு இருந்துது. கொடுமணல் மணின்னு சீட்டு எழுதியிருந்துது. குன்னிமுத்து அளவுதான், செவப்புக் கல்லு, நடுவால மயிரிழை நுழையற மாதிரி ஓட்டை. அந்தப் புள்ள கேட்டுது: 'சார், இந்த ஓட்டையைப் போட்டவருக்கு என்ன கூலி குடுத்திருப்பாங்க?' நீ மூக்குக்கண்ணாடியை மேல தள்ளிட்டு, 'அது இந்தப் பகுதியில வராதும்மா'ன்னே.

அட என்ற சாமி! அந்த நாப்பது நிமிசத்துல உசுரோட இருந்தது அது ஒண்ணுதான், அதையும் பகுதி பார்த்து அடக்கம் பண்ணிட்டே. பதில் தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லு. 'எனக்கும் தெரியலை கண்ணு, வா ரெண்டு பேருமா ரோசனை பண்ணலாம்'னு சொன்னா உன்ற பென்சன்ல புடிச்சுக்குவாங்களா?

கொடுமணலைப் பத்தி நீ சோறு திங்கறப்பெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே பாடமாயிருச்சு. நொய்யலுக்கு வடகரை. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு பேரு வருது. 1985-லிருந்து தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க தோண்டுனாங்க. கல்லறுத்து மணி பண்ணுன எடம், இரும்பு உருக்குன உலை, ஆளுக பேரைக் கீறி வெச்ச பானை ஓடு எல்லாம் வந்துது. பச்சைக் கல்லு நம்ம படியூர்ப் பக்கத்துது, செவப்புச் சூதுபவளம் குஜராத்துப் பக்கமிருந்து வந்திருக்கோணும்ங்கறாங்க. சரியாச் சொன்னனா? நூத்துக்கு எத்தனை மார்க்குப் போடுவே? அம்மாந்தூரத்திலிருந்து அந்தக் கல்லு நடந்து வந்திருக்குது. அதைப் பத்தி நீ பேசறப்ப அந்தப் புள்ளைக நாலு அடி நகர முடியலை.

அடுத்தது கவலை. நான் வெசனத்தைச் சொல்லலை, கெணத்துக் கவலையைச் சொல்றேன். மூலையில ஒண்ணு நிறுத்தி வெச்சிருக்கறீங்க. முன்னால ஒரு சீட்டு: 'பழங்கால நீர் இறைக்கும் கருவி'. அதுகிட்ட ஒரு பெரியவர் நின்னு வடக்கயித்தைத் தடவிட்டு இருந்தாரு. நீ ஓடி வந்து, 'ஐயா, தொடாதீங்க'ன்னே. 'தொடலீங், சும்மா பார்த்தேனுங்'ன்னு அவரு ஒதுங்கிட்டாரு. அந்தக் கையைப் பார்த்தியா நீயி? உள்ளங்கை நெடுக்க வடு. அதே கயிறு போட்ட வடு. உன்ற மியூசியத்துல இருந்ததுலயே நெசமான சாமான் அந்தக் கைதான். அதை வெளிய தாட்டி விட்டுட்டே.

நான் வேப்பமரத்தடியில போயி அவருகூட உக்காந்துட்டேன். சித்த நேரம் பழமை பேசுனோம். விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சுக் கவலை கட்டுவாராமா. மாடு ரெண்டும் வாரியில எறங்கறப்ப, அவரு தாவி வடக்கயித்து மேல உக்காருவாரு. ஆள் கனத்துல மாட்டுக்குப் பாரம் கொறையும், பறி மேல வரும். வால்கயித்தை வுட்டா, தோல் வால் வழியாத் தண்ணி தொட்டியில பாயும். அப்பறந்தான் வேலையே. மாடு திரும்பாம, பொறகால நடந்தே மேட்டுக்கு ஏறோணும். 'முன்னால போறதுக்கு எந்த மாட்டுக்கும் தெரியுமுங். பொறகால நடக்கறதுக்குத்தான் பழக்கோணுமுங்'ன்னாரு. இந்த ஒரு சொல்லுக்கு உன்ற நாப்பது நிமிசத்தையும் குடுத்துடலாம். உன்ற சோலியும் அதுதானே தம்பி? பொறகால நடந்துதான் மேல ஏறோணும்.

1930-கள்ல பைக்காராக் கரண்டு வந்த பொறவு கோயமுத்தூர்ச் சீமையில ஒவ்வொரு கெணறா மோட்டாரு ஏறுச்சு. அவரு தோட்டத்துக்கு நெம்பத் தாமசமாத்தான் வந்துதாமா. மோட்டாரு ஓடுன மொத நாளு, விடியக்காலம் மூணு மணிக்கு மாடு ரெண்டும் தானா எந்திரிச்சு மேட்டைப் பார்த்து நின்னுதாமா. எனக்கு உடனே உன்ற நெனப்புதான் வந்துது. அஞ்சு மணிக்குச் செவப்புப் பேனாவோட எந்திரிக்கறவன் யாரு?

இது எதாச்சும் உன்ற சீட்டுல இருக்குதா? 'பழங்கால'மாமா! அந்தாளு மரத்தடியில உக்காந்து என்ற கையிலிருந்து வெத்தலை வாங்கிப் போட்டுட்டு இருக்கறாரு, அவரு பழங்காலமா?

சாமான்ல என்ன இருக்குது, சொல்லு. செக்கு எல்லா ஊர்லயுந்தான் கெடந்துது. கோயமுத்தூர் ஜெயில்ல இருக்கற செக்கைப் பார்த்துட்டு ஏன் சனம் கண்ணைத் தொடைச்சுக்குது? 1908-லிருந்து 1910 வரைக்கும் அந்த ஜெயில்ல இருந்த வ.உ.சி.யை மாட்டுக்குப் பதிலா அதை இழுக்க வெச்சதனால. கல்லு எல்லாம் ஒரே கல்லுதான். யாரு தோளு அதுல மாட்டுச்சுங்கறதுதான் சேதி. சீட்டுல கருவியோட பேரை எழுதிட்டு ஆளை வுட்டுட்டீன்னா, கல்யாணப் பத்திரிகையில மண்டபத்துப் பேரை மட்டும் அச்சடிச்சாப்பலதான்.

இப்ப நானு உனக்கு ஒரு கேள்வி போடறேன். நம்ம ஊர்ல 'பழமை'ன்னா என்ன? பழைய சங்கதின்னு அகராதி பார்த்துச் சொல்லுவே. ஒறம்பரை வந்தா, 'வாங்க, சித்த பழமை பேசிட்டுப் போலாம்'னு கூப்புடறமே, அது என்ன? ஆட்டுக்குட்டி வெலை, பக்கத்துத் தோட்டத்து வழித்தகராறு, மருமவ நொட்டாரம், இதெல்லாம் பழமை இல்லாம பின்ன என்ன? கொங்கச்சீமைக்காரன் வெவரமானவன். பழசுக்கும் பேச்சுக்கும் ஒரே பேரா வெச்சுட்டான். பேச்சு நின்னா பழசு செத்துரும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது.

மெட்ராசுல 1851-ல மியூசியம் தொறந்தாங்களாமா. அந்த ஊர்ச்சனம் அதுக்குச் 'செத்த காலேஜ்'னும், மிருகக்காட்சிச் சாலைக்கு 'உயிர் காலேஜ்'னும் பேரு வெச்சுதுன்னு நீதான் ஒருநாள் சிரிச்சுட்டே சொன்னே. உன்ற மியூசியம் எந்தக் காலேஜுங்கறது உன்ற வாயில இல்லை, காதுல இருக்குது. அமெரிக்காவுல பாஸ்டன் மியூசியத்துல 1907-லயே இந்த மாதிரி எடுத்துச் சொல்றதுக்கு ஆள் வெச்சு, அவங்களுக்கு ஒரு லத்தீன் பேரும் வெச்சாங்கன்னு சொன்னியே. அந்தப் பேருக்கு அர்த்தம் 'சொல்லிக் குடுக்கறவர்'னு சொல்லி மீசையைத் தடவுனே. நான் அப்பவே நெனச்சேன், வெனை அந்தப் பேருலயே ஆரம்பிச்சிருக்குதுன்னு. 'கேட்டுக்கறவர்'னு வெச்சிருந்தா அவங்களும் பொழைச்சிருப்பாங்க, நீயும் பொழைச்சிருப்பே.

வாத்தியாரா இருந்துட்டுக் கேக்க முடியுமான்னு கேக்காதே. ஈரோட்டுல புலவர் செ. இராசுன்னு ஒருத்தர் இருந்தாரே. பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாருதான். பொறவுதான் தஞ்சாவூருக்குப் பேராசிரியராப் போனாரு. 2023-ல காலமாயிட்டாரு. கொடுமணலை ஊரறிய வெச்சவங்கள்ல அவரு முக்கியமானவரு. அறச்சலூர் மலையில இருக்கற இசைக் கல்வெட்டை வெளிய கொண்டாந்ததுலயும் அவருக்குப் பங்கு உண்டு. அஞ்சு எழுத்து, அஞ்சு வரி. மேலிருந்து படிச்சாலும், கீழிருந்து படிச்சாலும், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எப்படிப் படிச்சாலும் ஒண்ணாட்டமே வரும்னு நீ பேப்பர்ல எழுதிக் காட்டுனே. நான் என்ன சொன்னேன்? 'இது கோலம்டா'ன்னேன். நீ சிரிச்சே. இப்பவும் சொல்றேன், அஞ்சு புள்ளி அஞ்சு வரிசை, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒண்ணாட்ட இருந்தா அது கோலந்தான். நீ சிரிக்காம, 'ஏனக்கா அப்படிச் சொல்றே'ன்னு கேட்டிருந்தீன்னா, எனக்கும் ரெண்டு வார்த்தை சொல்ல இருந்துது.

இட்டேரி வழியாப் போயி, ஆடு மேய்க்கற ஆளுகிட்ட, 'ஏனுங், இந்தப் பக்கம் எழுத்து வெட்டுன கல்லு எதாச்சும் இருக்குதுங்ளா'ன்னு கேக்காம எந்தக் கல்லும் எந்தப் புலவருக்கும் கெடைக்காது. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு, இட்டேரியில படிக்கற புள்ள. அந்த மாதிரி வாத்தியாருகளாலதான் இன்னைக்கு ஈரோட்டுல கலைமகள் கல்வி நிலையமாட்டப் பள்ளிக்கூடத்துக்குள்ளயே ஒரு அருங்காட்சியகம் இருக்குது.

இன்னொரு புத்தி. ஊர்க்காரங்க சாமி கும்புடற எடத்துல போயி வெளக்கம் சொல்லாதே. ஒருக்கா வேட்டைக்காரசாமி நோம்பிக்கு வந்துட்டு, 'இது சாமி இல்லீங், புலிகூடச் சண்டை போட்டுச் செத்துப் போன வீரனோட நடுகல்லு'ன்னு ஊர் முன்னால சொன்னே. பொங்கல் வெச்சுட்டு இருந்த கிழவி என்ன சொன்னா? 'செத்தவன் சாமியாகாம, பின்ன உசுரோட இருக்கறவனா ஆவான்?' வரலாறும் அதுதான், பக்தியும் அதுதான். அவ ஒரே வரியில முடிச்சுட்டா. ஊரே சிரிச்சுது. உனக்கு மட்டும் பொங்கல்ல உப்பு ஏறிருச்சு. ஆனா ஒண்ணு, நீங்க எல்லாம் வந்து 'இது வீரக்கல்லு'ன்னு சொன்னதுக்கப்பறந்தான் துணி தொவைக்கற கல்லாக் கெடந்த இன்னொண்ணைத் தூக்கி நிறுத்துனாங்க. அதுக்கு உனக்கு ஒரு கும்புடு. நல்லதைச் செஞ்சா நானு சொல்லுவேன்.

பொதையல் வெசயத்துல உசாரா இரு. மியூசியத்துல இருக்கறேன்னு தெரிஞ்சா, நாலு பேரு மடியில முடிஞ்சுட்டு வந்து, 'வாத்தியாரே, இது எந்தக் காலத்துக் காசுங்'ன்னு கேப்பாங்க. வெள்ளலூர்ல 1842-ல ரோமாபுரி வெள்ளிக்காசு 500-க்கு மேல கெடைச்ச சீமை இது. இன்னும் மண்ணுக்குள்ள என்ன கெடக்குதோ யாரு கண்டா? பத்து ரூவாய்க்கு மேல பெறுமானமுள்ள பொதையலு கெடைச்சாக் கலெக்டருக்குத் தெரியப்படுத்தோணும்னு 1878-லயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுட்டான். பத்து ரூவாய்க்கு இன்னைக்கு டீக்கடையில டீயே வர்றதில்லை, ஆனாச் சட்டம் சட்டந்தான். மடியில இருக்கறதை உன்ற மடிக்கு மாத்திக்காதே. எது வந்தாலும் வரவு நோட்டுல எழுது: யாரு குடுத்தா, எந்தக் காட்டுல கெடைச்சுது, எத்தனை ஆழத்துல. ஓட்டாஞ்சில்லு ஒண்ணா இருந்தாலும் எழுது. கெடைச்ச எடம் தெரியாத சாமான், ஊரு பேரு தெரியாத ஒறம்பரையாட்ட. சோறு போடலாம், பொண்ணு குடுக்க முடியாது.

சரி, சுவத்துல படம் மாட்டியிருந்தீங்களே, நொய்யல் ஆத்துப் படம். வெள்ளியங்கிரியில பொறந்து காவேரியில சேர்ற வரைக்கும் நீலக்கலருல கோடு. அந்த நீலம் எங்க வாங்குனீங்க? நான் பார்த்த நொய்யலு ஒருநாள் செவப்பு, ஒருநாள் பச்சை. பனியன்காரன் என்ன சாயம் போட்டானோ அந்தக் கலரு. 1992-ல ஒரத்துப்பாளையத்துல வெள்ளாமைக்குன்னு அணை கட்டுனாங்க. அதுல திருப்பூர்ச் சாயத்தண்ணி வந்து தேங்கி, எந்த வெவசாயிக்குக் கட்டுனாங்களோ அவனே 'இந்தத் தண்ணி வேண்டாமுங்'ன்னு கும்புட்டான். 2011-ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. தண்ணி வேணும்னு சண்டை போட்ட ஊரை எல்லாப் புஸ்தகத்துலயும் பார்க்கலாம். தண்ணி வேண்டாம்னு அழுத ஊரு நம்மது. ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால அதே கரையில கல்லு அறுத்தவனுக்குப் பொட்டி வெச்சிருக்கறீங்க, முப்பது வருசத்துக்கு முன்னால தண்ணியைக் கெடுத்தவனுக்கு ஒரு சீட்டுக்கூட இல்லை. ஏன்னு நான் கேக்கலை. பட்டறையில நம்ம ஒறம்பரையே நாலு பேரு பங்குக்கு இருந்தாங்க. கண்ணாடிப் பொட்டிக்குள்ள நம்ம மூஞ்சி தெரியாத வரைக்கும் வரலாறு நெம்ப இனிப்பு.

என்ன, நெளியறே? இன்னும் வள்ளத்துக்கே வரலை.

மேல இருக்குது பாரு, மொளகாய் மூட்டைக்குப் பொறகால. இரும்பு வள்ளம், வாயில பித்தளை வளையம். நாலு படி புடிக்கோணும். கிலோ, லிட்டருன்னு 1956-ல சட்டம் வந்தாலும், களத்துமேட்டுல ரொம்ப நாளைக்கு இதுதான் ராசா. அப்பாரு கையில அது ஏறி எறங்கறதே ஒரு அழகு. மொத வள்ளத்துக்கு ஒண்ணுன்னு சொல்லமாட்டாரு. 'லாபம்'ம்பாரு. அப்பறம் ரெண்டு, மூணு. அளக்கறப்ப மொதல் சொல்லு மங்கலமா இருக்கோணும்னு அப்படி ஒரு வழக்கம். நீ அவரு மடியில உக்காந்து, 'லாபம், ரெண்டு, மூணு'ன்னு கூடவே கத்துவே. உனக்குக் கணக்கு வந்ததே அந்தக் களத்துலதான்.

என்ற கண்ணாலத்துக்கு இந்த வள்ளத்துலதான் நெல்லு நெறைச்சு, மஞ்சத்துணி கட்டி, சீரோட சீரா அனுப்புனாங்க. எனக்கு ஒரே பெருமை. வந்து ரெண்டாம் மாசம் என்ற மாமியா அதை எடுத்துக் கம்பு அளந்தா. லாபம், ரெண்டு, மூணுன்னு அஞ்சு வள்ளம் கொட்டுனா. கண்ணை இடுக்கிட்டுக் குமியைப் பார்த்தா. அவங்க வூட்டு வள்ளத்தை எடுத்துட்டு வந்து அதே கம்பைத் திருப்பி அளந்தா. நாலரைகூட வரலை. வள்ளத்துக்கு அரைப்படி கொறையுது.

அடியைத் தடவிப் பார்த்தா, உள்பக்கமா மேடாட்ட ஒரு ஒடுக்கு. கீழ வுழுந்து நசுங்குன ஒடுக்கு இல்லை தம்பி. நசுங்குனது கோணையா இருக்கும். இது வட்டமா, பதமா, கொல்லன் சுத்தியல்ல தட்டுன ஒடுக்கு. மாமியா சத்தம் போடலை. 'ஏம்மிணி, உங்க அப்பாரு நெம்ப வெவரமானவரு'ன்னு மட்டும் சொன்னா. அந்த ஒரு சொல்லு பத்து வருசம் எங்க அடுப்படியில கெடந்துது. நான் சோறு வடிச்சாக் கேக்கும், மாவு அரைச்சாக் கேக்கும்.

அப்பறந்தான் எனக்கு வெளங்குச்சு. நம்ம களத்துல எப்பவுமே ரெண்டு வள்ளம் இருந்துது. நெல்லு வாங்கறதுக்கு ஒண்ணு, பண்ணையத்து ஆளுகளுக்குக் கூலி அளக்கறதுக்கு ஒண்ணு. பகலெல்லாம் வெயில்ல குனிஞ்சு அறுத்துட்டு வந்து, முந்தானையை விரிச்சுட்டு நின்னவங்களுக்கு இதுலதான் அளந்தாங்க. 'லாபம்'னு சத்தமாச் சொல்லிச் சொல்லி. அவங்களுக்கும் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிஞ்சுதான் விரிச்சாங்க. மவளுக்குச் சீரு அனுப்பறப்ப, நேரா இருக்கற வள்ளத்தை வூட்ல வெச்சுட்டு, இதைக் குடுத்து அனுப்புனாங்க பாரு. ஆளுக்கும் மவளுக்கும் ஒரே அளவு. இத்தனை வருசமா அட்டாலியில வெச்சிருக்கறேன். பழைய இரும்புக்காரன் கேட்டான், தரலை. இப்ப நீ கேக்கறே.

கேட்டியே, எழுதுவியா? உன்ற சீட்டுல என்ன எழுதப் போறேன்னு எனக்குத் தெரியும். 'கொங்குநாட்டுப் பாரம்பரிய முகத்தல் அளவை. நன்கொடை'ன்னு போட்டு, கீழ நம்ம அப்பாரு பேரைப் பெரிய எழுத்துல போடுவே. வர்றவங்க எல்லாம், 'அந்தக் காலத்து மனுசங்க எவ்வளவு நேர்மையா இருந்தாங்க'ன்னு சொல்லிட்டுப் போவாங்க. வள்ளம் உள்ளுக்குள்ள சிரிக்கும். அந்தச் சீட்டுக்கு என்ற வள்ளம் கெடைக்காது.

வேணும்னா இப்படிச் செய்யி. ஒடுக்கு வெளிய தெரியற மாதிரி அடியைத் திருப்பி வை. 'இது கூலி வள்ளம், அரைப்படி கொறைவு'ன்னு எழுது. பக்கத்துலயே நேரான வள்ளம் ஒண்ணு தேடி வை. கண்ணாடிப் பொட்டி வேண்டாம். ஒரு மூட்டை கம்பைத் தரையில கொட்டு. அந்த ரெட்டைச்சடைப் புள்ளையைத் திரும்ப வரச் சொல்லி, ரெண்டுலயும் அளக்கச் சொல்லு. மொத வள்ளத்துக்கு ஒண்ணுன்னு சொல்லக்கூடாது கண்ணு, லாபம்னு சொல்லோணும், அதுதான் வழக்கம்னு மட்டும் சொல்லிக் குடு. அதோட நிறுத்திக்க. அளந்து முடிச்சு, குமியைப் பார்த்துட்டு, அந்தப் புள்ளையே கேக்கும், 'யாருக்குங் சார் லாபம்?'னு. அப்ப மட்டும் கற்காலத்திலிருந்து ஆரம்பிக்காதே. உன்ற வாயில எது வந்தாலும் முழுங்கிக்க. புள்ளைகளே பேசட்டும்.

என்னடா, பேச்சு மூச்சே காணம்? நாப்பது நிமிசம் நிறுத்தாமப் பேசறவனாச்சே. மோரு டம்ளர்ல ஈ வுழுகுது பாரு.

சரி, வெயிலு தாழ்ந்துருச்சு. ஏணி மாட்டுக்கொட்டாயில சாத்தி வெச்சிருக்குது. நீ எடுத்துட்டு வந்தா நானு புடிச்சுக்கறேன். இல்லை, பஸ்ஸுக்கு நேரமாயிருச்சா?